தரையும் உறக்கமும்: களப்பணிக்கேற்ற அடிவிரிப்பைத் தேர்ந்தெடுத்தல்

களப்பணிக்குப் புறப்படும் ஒருவர் மூட்டை கட்டும்பொழுது, கருவிகள், உணவு, உடை ஆகியவற்றுக்கு அளிக்கும் கவனத்தைப் படுக்கைக்கு அளிப்பது அரிது. குளிர்ப் பிரதேசம் என்றால் இன்னுமொரு கம்பளியைச் சேர்த்துக்கொள்வார். மேலே போர்த்துவதைப் பற்றி எண்ணுவாரேயன்றிக் கீழே விரிப்பதைப் பற்றி எண்ணமாட்டார். இரவின் நடுவில் விழித்து, போர்வைகள் இருந்தும் முதுகும் இடுப்பும் விறைத்துப் போவதேன் என்று வியப்பார். விடை எளியது. அவருடைய உடல் வெப்பத்தில் பெரும் பகுதியைத் தரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

இமாசலப் பிரதேசத்தில் சந்திரா பள்ளத்தாக்கில் சோட்டா சிக்ரி என்னும் பனியாறு உள்ளது. இதன் நுனியே கடல்மட்டத்துக்கு மேல் 4,000 மீட்டருக்கு அதிகமான உயரத்தில் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு முதல் இப்பனியாற்றின் நிறை ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு கூடிக் குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்து வந்துள்ளனர். பனியில் நாட்டிய கழிகளின் வெளித்தெரியும் நீளத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் படித்துக் குறிப்பது இவ்வேலையின் ஒரு பகுதி. முந்திய இரவு உறங்காதவர் மறுநாள் அளவை தவறாகப் படிப்பது இயல்பு. அத்தவறு ஆண்டறிக்கையில் நிலைத்துவிடும். இதனினும் பெரிய ஆபத்து உண்டு. உடலின் உட்புற உஷ்ணநிலை 35 டிகிரி செல்ஷியசுக்குக் கீழே இறங்கினால் உடல் குளிர்ச்சி நோய் தொடங்குகிறது. நடுக்கமும், பேச்சுக் குழறலும், அறிவு மயக்கமும் தோன்றி, கவனியாது விட்டால் உயிருக்கே கேடாக முடியும். ஆகவே அடிவிரிப்பைச் சுகத்துக்குரிய பொருளாக எண்ணாமல் பாதுகாப்புக் கருவிகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும். நம் நாட்டு மலையேற்றப் பயிற்சி நிலையங்களில் இதனைக் 'கேரி மேட்' என்று வழங்குவர்.

தரை வெப்பத்தை இழுக்கும் முறை

வெப்பம் மூன்று வழிகளில் பரவுகிறது என்பது பள்ளி மாணவரும் அறிந்தது: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. படுத்திருப்பவரின் மேற்புறத்தில் காற்றின் சலனமும் கதிர்வீச்சும் வெப்பத்தைக் கொண்டுபோகின்றன. கீழ்ப்புறத்திலோ கடத்தலே முதன்மையானது. பொருள்கள் வெப்பத்தைக் கடத்தும் திறன் பெரிதும் வேறுபடும். அசையாத காற்றின் கடத்துதிறன், ஒரு மீட்டர் கனத்துக்கு ஒரு டிகிரி வேறுபாட்டில், சதுர மீட்டருக்குச் சுமார் 0.025 வாட். தண்ணீருக்கு இது சுமார் 0.6; பனிக்கட்டிக்குச் சுமார் 2.2, கருங்கல்லுக்கு 2 முதல் 3 வரை. அதாவது நீர் காற்றைவிட 24 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது. நனைந்த ஜமக்காளத்தின்மேல் படுத்தவர் ஏன் நடுங்குகிறார் என்பது இதனால் விளங்கும்.

கம்பளி, பஞ்சு, இறகு முதலியவை தாமாகவே வெப்பம் தருவன அல்ல. அவற்றின் இழைகளுக்கிடையே சிறைப்பட்டிருக்கும் காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. தூக்கப் பையினுள் ஒருவர் படுத்ததும், அவர் உடலின் எடையால் அடிப்பக்கத்து இறகு நசுங்கி அதிலுள்ள காற்று வெளியேறிவிடுகிறது. ஆதலால் எவ்வளவு விலையுயர்ந்த பையாயினும் அதன் மேற்பாதி மட்டுமே முழுப் பயன் தரும். கீழ்ப்பாதி செய்ய வேண்டிய வேலையை, எடையால் நசுங்காத அடிவிரிப்பே செய்ய வேண்டும். குளிருக்கு அஞ்சி மேலும் கனத்த பையை வாங்குகிறவர் பெரும்பாலும் தவறான இடத்தில் பணத்தைச் செலவிடுகிறார்.

ஒரு சிறு கணக்கு

இதனை எண்களால் பார்ப்பது ஆசிரியர்களுக்குப் பயன்படும். மல்லாந்து படுத்தவரின் உடல் சுமார் 0.4 சதுர மீட்டர் பரப்பில் தரையைத் தொடுகிறது என்று கொள்வோம். தோலின் உஷ்ணநிலை 33 டிகிரி, தரையின் உஷ்ணநிலை 3 டிகிரி. வேறுபாடு 30 டிகிரி. இடையில் இருப்பது 10 மில்லிமீட்டர் கனமுள்ள நுரைப்பாய். அதன் கடத்துதிறன் 0.04. கனத்தைக் கடத்துதிறனால் வகுத்தால் வெப்பத்தடை கிடைக்கும்: 0.010 ÷ 0.04 = 0.25. இனி, இழக்கப்படும் வெப்பம் = 0.4 × 30 ÷ 0.25 = 48 வாட்.

உறங்கும் மனிதரின் உடல் உண்டாக்கும் வெப்பம் சுமார் 75 வாட். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தரைக்கே போய்விடுகிறது. எஞ்சிய 27 வாட்டைக் கொண்டு மூச்சின் வழியாகவும் மேற்புறத்தின் வழியாகவும் ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய முடியாமல் உடல் நடுங்கத் தொடங்குகிறது. வெப்பத்தடை 0.70 உள்ள விரிப்பாயின் இழப்பு 17 வாட்டாகக் குறையும். இது மொத்தத்தில் கால் பங்குக்கும் குறைவு. உடையும், நசுங்கிய தூக்கப் பையும் சிறிதளவு தடை தரும். படுத்த இடத்துத் தரையும் சிறிது சூடேறும். ஆதலின் உண்மையில் இழப்பு இக்கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும். ஆயினும் ஒன்றோடொன்றை ஒப்பிட இக்கணக்கு போதுமானது.

ஆர் எண்

கடைகளில் விற்கும் விரிப்புகளின்மேல் 'ஆர் எண்' என்று ஓர் அளவு குறிக்கப்பட்டிருக்கும். இது வெப்பத்தடையின் அளவே. ஆனால் அமெரிக்க அலகில் கூறப்படுவது. ஆர் எண் 1 என்பது மேற்கண்ட கணக்கின் அலகில் 0.176 ஆகும். ஆகவே 0.25 என்பது ஆர் எண் 1.4, 0.70 என்பது ஆர் எண் 4.

முற்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய முறையில் இதனை அளந்து வந்தமையால் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட இயலாதிருந்தது. 2018-ஆம் ஆண்டில் ஏ.எஸ்.டி.எம். என்னும் தர நிறுவனம் எப் 3340 என்ற பொதுச் சோதனை முறையை வெளியிட்டது. இதன்படி, காற்று நிரப்பிய விரிப்பு ஒரு சூடான தட்டுக்கும் ஒரு குளிர்ந்த தட்டுக்கும் இடையில் வைக்கப்படுகிறது. சூடான தட்டின் உஷ்ணநிலை மாறாதிருக்கச் செலவாகும் மின்சக்தி அளக்கப்படுகிறது. வாங்கும்பொழுது அவ்வெண் இம்முறைப்படி அளக்கப்பட்டதா என்று கேட்டறிவது நலம்.

ஆர் எண்ணின் சிறப்பு, அதனைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதே. ஆர் எண் 1.5 உள்ள நுரைப்பாயின்மேல் ஆர் எண் 3 உள்ள காற்று மெத்தையை விரித்தால் மொத்தம் 4.5 கிடைக்கும். பொதுவாக, வெப்பமான இடங்களுக்கு 2-க்குக் குறைந்ததும், மிதமான குளிருக்கு 2 முதல் 4 வரையும், உறைநிலையை ஒட்டிய இரவுகளுக்கு 4 முதல் 5.5 வரையும், பனிமேல் தங்குவதற்கு அதற்கு மேலும் உள்ள விரிப்புகள் ஏற்றவை.

விரிப்பின் வகைகள்

1. மூடிய கண்ணறை நுரைப்பாய். பாலிஎதிலீன் அல்லது எதிலீன் வைனில் அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கை நுரைக்கச் செய்து தகடாக்கியது. இதிலுள்ள ஒவ்வொரு காற்றுக் கண்ணறையும் தனித்தனியே மூடப்பட்டிருப்பதால் நீர் உட்புகாது. முள் குத்தினாலும் கெடாது. வால்வு இல்லை, ஊதவும் வேண்டியதில்லை. எடை சுமார் 250 முதல் 450 கிராம். ஆர் எண் பெரும்பாலும் 1 முதல் 2 வரை. விலையும் மலிவு. இதன் குறை பருமனே. சுருட்டினாலும் மடித்தாலும் சிறியதாகாததால் பையின் வெளியில்தான் கட்ட வேண்டும். மேலும் சில ஆண்டுகளில் தோளும் இடுப்பும் படும் இடங்கள் நசுங்கி மெலிந்துவிடும்.

2. தானே விரியும் மெத்தை. திறந்த கண்ணறைகள் கொண்ட பஞ்சு நுரையைக் காற்றுப் புகாத துணியால் மூடி, ஒரு வால்வு பொருத்தியது. வால்வைத் திறந்ததும் நுரை விரிந்து காற்றைத் தானே உள்ளிழுத்துக்கொள்கிறது. போயிங் விமானத் தொழிற்சாலையில் வேலை இழந்த எஞ்சினியர்கள் 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இதனை உருவாக்கினர். எடை 600 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்கு மேலும் செல்லும். ஆர் எண் ஏறத்தாழ 2 முதல் 4 வரை. துளை விழுந்தாலும் உள்ளிருக்கும் நுரை சிறிதளவு காப்பது இதன் நன்மை.

3. வெப்பத்தடை அமைந்த காற்று மெத்தை. மெல்லிய நைலான் துணியாலானது. ஊதினால் 6 முதல் 10 சென்டிமீட்டர் வரை உயரும். சுருட்டினால் ஒரு லிட்டர் தண்ணீர் புட்டியளவே இருக்கும். எடை 350 முதல் 700 கிராம். ஆர் எண் 3 முதல் 7 வரை. உள்ளே காற்று சுழலாதபடி சிறு அறைகளாகப் பிரித்து, செயற்கை இழையோ, அலுமினியம் பூசிய மென்தகடுகளோ வைத்திருப்பர். அலுமினியப் பூச்சு உடலின் வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அதனை அடுத்துக் காற்றிடைவெளி இருந்தால்தான் இது பயன்படும். சிறுமையிலும் லேசிலும் இவ்வகையே முதலிடம் பெறும். விலை மிகுதி என்பதும், துளை விழுந்தால் இரவு முழுவதும் தரைமேல் கிடக்க நேரும் என்பதும் இதன் குறைகள்.

கனம் மட்டுமே வெப்பத்தைத் தடுக்கும் என்று எண்ணலாகாது. வீடுகளில் விருந்தினருக்காக விரிக்கும் வெற்றுக் காற்று மெத்தை 15 சென்டிமீட்டர் உயரமிருந்தும் குளிர்ந்த தரைமேல் மிகக் குறைவாகவே பயன்படுகிறது. உள்ளிருக்கும் காற்று தடையின்றி அசைந்து வெப்பத்தை மேலிருந்து கீழே கொண்டுபோவதே காரணம். மடக்குக் கட்டிலின் நிலையும் இத்தகையதே. கட்டிலின் கீழே வீசும் காற்று உடல் வெப்பத்தைக் கொண்டுபோகும். கோடையில் அது வரம், மார்கழிக் குளிரில் கேடு.

வழிவழியாக வந்த விரிப்புகளிலும் இவ்விதியே செயல்படுகிறது. காஷ்மீரத்து 'நம்தா' என்பது கம்பளி இழைகளை அழுத்திச் செய்த விரிப்பு. சிறைப்பட்ட காற்றால் அது நன்கு காக்கிறது. ஆனால் சுமந்து செல்லக் கனமானது. வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் முடையும் 'சீதள்பாட்டி'யும், நம் கோரைப்பாயும், உடல் வெப்பத்தை எளிதில் வெளியேறவிட்டுக் குளிர்ச்சி தருபவை. வெப்ப நாட்டுக்கு உரியதைப் பனி மலைக்குக் கொண்டுபோவதும், பனி மலைக்குரியதை வெப்ப நாட்டில் விரிப்பதும் ஒருங்கே தவறாகும்.

இடத்துக்கேற்ற தேர்வு

லடாக்கிலும் ஸ்பிதியிலும் தங்குவோர் ஒரே விரிப்பை நம்புதல் கூடாது. கீழே நுரைப்பாய், மேலே காற்று மெத்தை என இரண்டையும் கொள்ள வேண்டும். நுரைப்பாய் கூரிய கற்களிலிருந்து மெத்தையைக் காக்கும். மெத்தையில் துளை விழுந்தால் உயிர் காக்கும் இறுதித் துணையாகவும் இருக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கு மாநிலங்களின் காடுகளிலும் குளிரைவிட ஈரமே பகை. அங்கே நீரை உறிஞ்சாத நுரைப்பாயே சிறந்தது. பஞ்சும் ஜமக்காளமும் ஒருமுறை நனைந்தால் பல நாள் உலரமாட்டா.

தார்ப் பாலைவனத்தில் நெருஞ்சி போன்ற முட்கள் காற்று மெத்தைக்கு எமன். ராஜஸ்தானத்துச் சூரு நகரில் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் உஷ்ணநிலை 50 டிகிரியை எட்டியது; அதே ஊரில் குளிர்கால இரவுகள் சிலவற்றில் உறைநிலைக்கும் கீழே இறங்குவதுண்டு. ஆகவே பாலைவனத்திற்குச் செல்பவர் இடத்தின் பெயரை மட்டும் பாராது மாதத்தையும் பார்த்து விரிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சமவெளிகளில் மற்றோர் ஆபத்து உண்டு. கட்டுவிரியன் இரவில் இரை தேடுவது. தரையில் உறங்குவோரைக் கடிப்பதில் பெயர் பெற்றது. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் மிகக் குறைவாதலால் பலர் அதனைக் கடியென்றே உணர்வதில்லை. பின்னர் வயிற்று வலியும், இமை சரிதலும், மூச்சுத் தசைகளின் செயலிழப்பும் தோன்றும். வாகனம் செல்லும் இடமாயின் கட்டிலில் கொசுவலையுடன் உறங்குவதே நலம். தரையில்தான் படுக்க வேண்டுமெனில், கொசுவலையின் ஓரங்களைச் சுற்றிலும் அடிவிரிப்பின் கீழே நன்றாகச் செருக வேண்டும். இதற்கு 51 சென்டிமீட்டர் அகலமுள்ள குறுகிய விரிப்பு போதாது. 64 சென்டிமீட்டர் அகலமுள்ளது ஏற்றது. புரண்டு படுக்கும்பொழுது கையும் காலும் வலையைத் தொடாதிருப்பதும் முக்கியம். மாணவர் முகாம் நடத்தும் ஆசிரியர்கள் இதனைத் தம் பொறுப்பாகவே கொள்ள வேண்டும். இரவில் காரணமின்றி வயிற்று வலி என்றோ, கண்ணைத் திறக்க முடியவில்லை என்றோ ஒரு மாணவர் சொன்னால், கடித்தடம் தெரியாவிடினும், பாம்புக்கடி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.

வாங்குமுன் சோதித்தல்

முதலாவது, விரிப்பை உறை, ஊதுபை, பழுதுபார்க்கும் ஒட்டுத் துணி ஆகியவற்றுடன் சேர்த்துத் தராசில் நிறுக்க வேண்டும். அரைக் கிலோ மிச்சமானால் அரை லிட்டர் தண்ணீர் கூடுதலாக எடுத்துச் செல்லலாம். இரண்டாவது, கடையிலேயே விரித்து ஒருக்களித்துப் படுத்துப் பார்க்க வேண்டும். இடுப்பெலும்பு தரையில் தட்டினால் அது ஆகாது. மூன்றாவது, நுரைப்பாயை விரலால் அழுத்தி விட்டால் குழி உடனே மறைய வேண்டும். நான்காவது, நுரையின் சிறு துண்டை நிறுத்து, நீரில் அமிழ்த்தி, துடைத்து மீண்டும் நிறுக்க வேண்டும். எடை மிகவும் கூடினால் கண்ணறைகள் மூடியவை அல்ல. ஐந்தாவது, காற்று மெத்தையாயின் ஊதி, மேலே எடை வைத்து, ஓர் இரவு விட்டுப் பார்த்த பின்னரே களத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எடையை மிகவும் குறைக்க விரும்புவோர் 120 சென்டிமீட்டர் நீளமுள்ள குட்டை விரிப்பை வாங்கிக் காலடியில் காலிப் பையை வைத்துக்கொள்வதுண்டு. கடுங்குளிரில் இது தகாது.

பாதுகாப்பு முறை

மாலையில் 20 டிகிரியில் ஊதிய மெத்தை, நள்ளிரவில் 0 டிகிரியில் தளர்ந்திருக்கக் கண்டு துளை விழுந்ததென அஞ்ச வேண்டியதில்லை. தனி உஷ்ணநிலை 293-லிருந்து 273-ஆகக் குறைவதால் உள்ளிருக்கும் காற்று சுமார் 7 சதவீதம் சுருங்குகிறது. படுக்குமுன் சிறிது ஊதிக்கொண்டால் போதும். இதற்கு மாறாக, நிறைய ஊதிய மெத்தையை வெயிலில் விட்டால் காற்று விரிந்து ஒட்டுகள் பிரியும். மலைப்பாதையில் மேலேறும் வாகனத்தில் மெத்தையை ஊதிய நிலையில் கொண்டுபோகலாகாது. 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே.

வாயால் ஊதுவதைத் தவிர்ப்பது நன்று. 60 லிட்டர் கொள்ளும் மெத்தையை ஒருமுறை ஊதினால் மூச்சின் ஈரமாகச் சுமார் 2 கிராம் நீராவி உள்ளே செல்கிறது. ஒரு மாத முகாமில் இது சேர்ந்து பூஞ்சணம் பிடிக்கும். கடுங்குளிரில் உறைந்தும் போகும். உயர்ந்த மலையில் ஊதுவதால் தலைசுற்றலும் உண்டாகும். ஊதுபையைப் பயன்படுத்துவதே முறை. முகாம் முடிந்து திரும்பியபின் மெத்தையை உலர்த்தி, வால்வைத் திறந்தே, மடிக்காமல் வைக்க வேண்டும். துளையைக் கண்டுபிடிக்க, சோப்பு நீரைப் பூசிக் குமிழி எழும் இடத்தைப் பார்த்தல் எளிய வழி.

வகுப்பறைச் சோதனைகள்

மூன்று ஒரே அளவான எவர்சில்வர் டம்ளர்களில் சம அளவு வெந்நீர் ஊற்றி, மூடி, மேற்புறம் முழுவதையும் ஒரேவிதமாகக் கம்பளித் துணியால் சுற்றுக. ஒன்றை ஈரமான சிமென்டுத் தரையிலும், மற்றொன்றை மடித்த வேட்டியின்மேலும், மூன்றாவதை நுரைப்பாய்த் துண்டின்மேலும் வைத்து, ஐந்து நிமிஷங்களுக்கு ஒருமுறை உஷ்ணநிலையைக் குறித்து வரைபடம் வரைக. அடுத்து வேட்டியை நனைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்க. ஒரு பலூனை ஊதிக் கட்டி, நூலால் சுற்றளவை அளந்து, குளிர்ந்த நீரில் பத்து நிமிஷம் அமிழ்த்தி மீண்டும் அளந்தால், இரவில் மெத்தை தளர்வதன் காரணம் விளங்கும்.

வினாக்கள்

1. தூக்கப் பையின் அடிப்பக்கம் வெப்பத்தைக் காப்பதில் ஏன் தவறுகிறது?
2. 20 மில்லிமீட்டர் கனமும் 0.04 கடத்துதிறனும் உள்ள நுரைப்பாயின் வெப்பத்தடை என்ன? அதன் ஆர் எண் என்ன?
3. கட்டிலில் படுப்பவருக்குக் குளிர்காலத்தில் அடிவிரிப்பு வேண்டுமா? காரணம் கூறுக.
4. உங்கள் பள்ளி அடுத்து முகாமிடவிருக்கும் இடத்தின் தரை, மாதம், ஈரம், பாம்பு அபாயம் ஆகியவற்றை ஆராய்ந்து, ஏற்ற விரிப்பைக் காரணத்துடன் குறிப்பிடுக.

இவ்வினாக்களுள் கடைசியானதே முதன்மையானது. எல்லா இடங்களுக்கும் ஏற்ற விரிப்பு என ஒன்று இல்லை. தரை எத்தகையது, இரவு எவ்வளவு குளிர்வது, சுமப்பவர் யார் என்னும் மூன்றையும் முன்கூட்டியே அறிந்து தேர்ந்தெடுப்பவர், காலையில் தெளிந்த கண்ணோடு எழுந்து தம் அளவுகளைப் பிழையின்றிக் குறிப்பார். தம் பொறுப்பில் உள்ளவர்களையும் நலமாக வீடு சேர்ப்பார்.